மிதிபடுகிற சாமான்

ஐம்பது வயதுக்கு மேல் ஒருவன் சைக்கிள் வாங்கினால் ராசிபுரத்தில் இரண்டே காரணம்தான் சொல்வார்கள். ஒன்று சர்க்கரை, இன்னொன்று கடன். சர்க்கரை என்று நானே முந்திக்கொண்டு ஊருக்குச் சொல்லிவிட்டேன். கடன் என்று முடிவு கட்டிவிட்டால் மளிகைக் கடையில் நோட்டை மூடிவிடுவார்கள். சர்க்கரை என்றால் ஆவாரம்பூ, கொய்யா இலை என்று வைத்தியம் சொல்வதோடு விட்டுவிடுவார்கள்.

பெரிய சவாரி ஒன்றும் இல்லை. விடிகாலையில் கிளம்பி ஆண்டகளூர் கேட் வரைக்கும் போவேன், ஒரு டீ குடிப்பேன், திரும்பி வருவேன். வழியெல்லாம் குச்சிக்கிழங்குக் காடு, கோழிப்பண்ணை, காற்று திசை மாறினால் சேகோ பேக்டரி வாசம். ஏற்காட்டுக்கு ஏற 20 கொண்டை ஊசி வளைவு, கொல்லிமலைக்கு ஏற 70. அந்தத் தொண்ணூறு வளைவும் இல்லாத தட்டை நிலம்தான் நம்முடையது. இங்கே சைக்கிள் மிதிக்கக் கியர் வேண்டாம், வீரம் வேண்டாம். மிதிக்கிற இடம் ஒழுங்காக இருந்தால் போதும். அதுதான் ஒழுங்காக இல்லை.

சைக்கிளை நம் உடம்பு தொடுகிற இடங்கள் கை பிடிக்கிற ஹேண்டில் பார், உட்காருகிற சீட்டு, மிதிக்கிற பெடல், அவ்வளவுதான். ஷோரூமில் இவற்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் விளக்குவார்கள். டிஸ்க் பிரேக்கைச் சுற்றிக் காட்டுவார்கள், முன் ஃபோர்க்கை அமுக்கிக் காட்டுவார்கள். பெடலைப் பற்றிக் கேட்டால், ‘அதுவும் இருக்குங்க சார்’ என்பார்கள். இருப்பதே பெரிய விஷயம்தான் போலிருக்கிறது. லட்சக்கணக்கில் விலை போகும் பந்தய சைக்கிள்கள் பெடலே இல்லாமல்தான் பெட்டிக்குள் வருமாம். வாங்குகிறவர் தனக்குப் பிடித்ததைத் தனியாக வாங்கி மாட்டிக்கொள்ள வேண்டும். இதை டீக்கடையில் சொன்னேன். ‘அப்ப அதைத் தள்ளிக்கிட்டே போறதுக்குத்தான் லட்ச ரூபாயா?’ என்றார் ஒருவர். பதில் சொல்ல முடியவில்லை.

என் சைக்கிளோடு வந்தது கறுப்புப் பிளாஸ்டிக் பெடல், சோப்பு டப்பா மூடி அகலம். எனக்கு ஒன்பதாம் நம்பர் செருப்பு. சுண்டுவிரலும் அதற்கு அடுத்ததும் வெளியே தொங்கும். பெடலின் நடுவே ஓடுகிற வரப்பு இருக்கிறதே, அது தேய்ந்த ரப்பர் செருப்பைத் தாண்டிப் பெருவிரலுக்குக் கீழே உள்ள மேட்டைத் தேடிப்பிடித்துக் குத்தும். மார்கழிப் பனியில் செருப்பின் அடி ஈரமாகிவிட்டால் கால் வழுக்கும். வழுக்கிய வேகத்தில் பெடல் ஒரு சுற்றுச் சுற்றி வந்து முன்னங்கால் எலும்பில் விசாரிக்கும். காலைத் தேய்த்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தால், ‘டாக்டர் நடக்கத்தானுங்களே சொன்னாரு, நொண்டவா சொன்னாரு?’ என்று வரவேற்பு.

இந்த நேரத்தில்தான் பெங்களூரிலிருந்து அக்கா மகன் லீவுக்கு வந்தான். கம்ப்யூட்டர் கம்பெனி, சனி ஞாயிறில் நந்திமலைக்குச் சைக்கிளில் ஏறுகிற கோஷ்டி. ‘மாமா, உங்களுக்குக் கிளிப் பெடல்தான் சரி’ என்றான். ஷூவின் அடியில் ஒரு துண்டு இருக்கும். பெடலில் வைத்து அழுத்தினால் ‘டக்’ என்று பூட்டிக்கொள்ளும். கழற்ற வேண்டுமானால் குதிகாலை வெளிப்பக்கம் திருப்ப வேண்டும். பனிச்சறுக்குக் கட்டையில் ஷூவைப் பூட்டுகிற சாமான் செய்துகொண்டிருந்த லுக் என்ற பிரெஞ்சுக் கம்பெனி அதே வித்தையைச் சைக்கிளுக்குக் கொண்டுவந்தது 1984இல். மறு வருடமே பெர்னார் இனோ அதைப் பூட்டிக்கொண்டு டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் ஜெயித்துவிட்டார். அவருக்குப் பொருத்தம்தான். நடுவழியில் யாரும் அவரை நிறுத்தி, ‘பெரிய மகளுக்கு வரன் அமைஞ்சுதுங்களா?’ என்று கேட்கப் போவதில்லை.

எங்கள் ரோட்டில் கால் ஊன்றுவது வேகத்தடைக்கும் நாய்க்கும் மட்டும் அல்ல. எதிரே பங்காளி வந்தால் ஊன்ற வேண்டும். ஆட்டுப்பட்டி ரோட்டைக் கடந்தால் ஊன்ற வேண்டும். பின்னால் வருகிறவர் ஆட்டுக்காரராக மட்டுமல்ல, சொந்தக்காரராகவும் இருப்பார். ஓட்டிக்கொண்டே பதில் சொன்னால், ‘ரெண்டு சக்கரம் வந்ததும் மரியாதை போயிருச்சு’ என்று பேச்சாகி, அடுத்த கிடா வெட்டுக்குத் தகவல் வராது. மருமகனுக்கு இதை வாயால் விளக்க வேண்டிய அவசியம் ஏற்படவில்லை. என்னோடு கேட் வரைக்கும் வந்தான். டீக்கடை முன்னால் ஸ்டைலாக நிறுத்தினான். சைக்கிள் நின்றது, கால் வரவில்லை. பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, மெதுவாக, மிக மெதுவாக, சைக்கிளோடு இடதுபக்கம் சாய்ந்து படுத்தான். கீழே கிடந்தபடி குதிகாலைத் திருப்பிக்கொண்டிருந்தான்.

அடுத்த யோசனையும் அவனுடையதே. ‘அப்ப ஃபிளாட் பெடல் போடுங்க மாமா. அலாய். பின் வெச்சது.’ சொன்னதோடு நிற்காமல், தன்னிடம் உபரியாக இருந்த ஜோடியையே எடுத்து வைத்தான். பார்க்க அழகுதான். உள்ளங்கையை விட அகலம், அலுமினியத்தில் வார்த்தது, இரண்டு முகத்திலும் ஓரம் முழுக்கக் கடுகு அளவுக்கு ஊசிமுனைகள் துருத்திக்கொண்டு நிற்கின்றன. மலைச் சரிவில் குதித்துக் குதித்து இறங்குகிறவர்களுக்கு ஷூ நகராமல் பிடித்துக்கொள்ள அந்த ஊசிகள்.

அதை மாட்ட வேண்டுமே, அதற்கு முன் பழையதைக் கழற்ற வேண்டுமே. வலதுபக்கம் சுலபமாக வந்துவிட்டது. இடதுபக்கம் வரவில்லை. ஸ்பேனரில் கையை வைத்து அழுத்தினான், காலை வைத்து அழுத்தினான், கடைசியில் ஸ்பேனர்மேல் ஏறியே நின்றான். எதிர்வீட்டுக்காரர் தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து கொடுத்தார். எண்ணெயில் அது மேலும் வசதியாக இறுகிக்கொண்டது. கடைசியில் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு பஞ்சர் கடைக்குத்தான் போனோம்.

அந்தக் கடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பலகையில் இன்னும் ‘ராசிபுரம், சேலம் மாவட்டம்’ என்றுதான் இருக்கிறது. நாமக்கல் தனி மாவட்டமானது 1997 ஜனவரி 1இல். பெயிண்ட் விலை இறங்கட்டும் என்று கடைக்காரர் காத்திருக்கிறார். சைக்கிளைப் பார்த்தார், மருமகனைப் பார்த்தார், சிரிக்கவில்லை. பெரிய மனுஷன். ‘தம்பி, இடதுபக்கம் மரை மாத்தி இருக்குங்க. ரெண்டு பக்கமும் முன்சக்கரத்தைப் பார்த்துத் திருப்புனா இறுகும், பின்சக்கரத்தைப் பார்த்துத் திருப்புனா கழலும். அவ்வளவுதான்.’ பதினைந்தாம் நம்பர் ஸ்பேனரைப் போட்டுக் குதிகாலால் ஒரு உதை. கழன்றுவிட்டது.

இது வேண்டுமென்றே வைத்த எதிர்மரை. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மரை இருந்தால், மிதிக்க மிதிக்க இடது தண்டு கிராங்குக்குள் கண்ணுக்குத் தெரியாமல் உருண்டு உருண்டு தானாகவே கழன்று வந்துவிடும். அமெரிக்காவில் டேட்டன் ஊரில் சைக்கிள் கடை வைத்திருந்த அண்ணன் தம்பி இரண்டு பேர், கழலாத பெடல் எங்களிடம் கிடைக்கும் என்று 1900இல் அறிவித்தார்கள். இந்த எதிர்மரைதான் அதன் சூட்சுமம். மூன்று வருடம் கழித்து விமானமும் விட்டார்கள். ரைட் சகோதரர்கள்தான். சைக்கிள் கடைக்காரரிடம் இதைச் சொன்னேன். ‘பெடல் செட் ஆயிருச்சுன்னா அப்புறம் எதையும் செய்யலாமுங்க’ என்றார்.

ஊசி பெடல் என்னிடம் நிலைக்கவில்லை. ஷூவுக்கு அது பிடிமானம், ரப்பர் செருப்புக்கோ அது முதலைவாய். கவ்விய செருப்பை விடாது. கால் ஊன்றலாம் என்று இறக்கினால் கால் மட்டும் தரைக்கு வரும், செருப்பு பெடலிலேயே உட்கார்ந்திருக்கும். பங்காளிக்கு ஒற்றைச் செருப்போடு பதில் சொல்வது கௌரவம் இல்லை. ஒருவேளை வழுக்கியிருந்தால் முன்னங்காலில் தோல் மிச்சம் இருந்திருக்காது.

இங்கேதான் எனக்கு ஒரு கட்சி உண்டு. உலகத்தில் விற்கிற நல்ல பெடல் என்கிற எல்லாமே ஷூ போட்டவனுக்காகச் செய்தது. நாம் மிதிப்பது செருப்புக் காலால். அதற்கு முன்னால் வெறுங்காலால். வாடகை சைக்கிளை மணிக்கணக்கில் எடுத்து ஓட்டப் பழகிய தலைமுறைக்கு இது புரியும். பாருக்கு மேல் கால் எட்டாது. வலது காலை பாருக்குக் கீழே நுழைத்து, இடுப்பை ஒரு பக்கம் தள்ளி, அரைச் சுற்று கீழே, அரைச் சுற்று மேலே என்று அடித்த குரங்கு பெடல். ராசி அழகப்பனின் ‘சைக்கிள்’ சிறுகதையை வைத்துக் கமலக்கண்ணன் எடுத்த படத்துக்கே 2024இல் அந்தப் பெயரைத்தான் வைத்தார். கதை நடப்பதும் நம் சேலம் வட்டாரத்துக் கிராமத்தில்தான். அந்த நேரத்தில் வெறும் பாதத்தைத் தாங்கியது எது? பழைய சைக்கிளின் பெடல். முன்னொன்று பின்னொன்றாகக் கனமான ரப்பர் கட்டை, நடுவில் தண்டு. சாய்ந்து மிதித்தாலும் குத்தாது, ஈரத்திலும் அவ்வளவாக வழுக்காது. இரும்புப் பெட்டி, பாலிதீன் மூட்டை, பின்னால் மனைவி, முன்னால் பிள்ளை என்று மொத்தக் குடும்பத்தையும் அந்த ரப்பர் கட்டைமேல் நின்றே மிதித்திருக்கிறோம். ரப்பர் தேய்ந்து விழுந்து, தகடும் போய், வெறும் தண்டை மட்டும் மிதித்துக்கொண்டு ஆயுசைக் கழித்தவர்களும் இருந்தார்கள். அவர்கள் யாரும் குறை சொல்லி நான் கேட்டதில்லை.

ஆகவே பெடலை வாங்கக் கிளம்பியபோது எனக்கு நான் வைத்த நிபந்தனை ஒன்றுதான்: என் செருப்புக்குப் பிடிக்க வேண்டும். அதே கடைக்காரர் பெஞ்சுக்கு அடியிலிருந்து அட்டைப் பெட்டிகளாக எடுத்துப் போட்டார். பெடல் வியாபாரத்துக்குக் குறைச்சல் இல்லை. 2005-06இலிருந்து அரசுப் பள்ளியில் பிளஸ் ஒன் படிக்கிற எல்லாப் பிள்ளைகளுக்கும் விலையில்லா சைக்கிள். பிள்ளை அதில் பள்ளிக்கூடம் போகும், அப்பா அதிலேயே சந்தைக்குப் போவார். யார் உடைத்தாலும் இவர் கடைக்குத்தான் வர வேண்டும்.

கடைக்காரர் ஒரு பெடலை எடுத்துத் தண்டை இரண்டு விரலால் பிடித்துச் சுண்டிவிட்டார். ‘சர்’ என்று சுற்றி நின்றது. ‘இதுல பால்ரஸ் இருக்குங்க. மூடியைக் கழட்டிக் கிரீஸ் வெச்சுக்கலாம்.’ இன்னொன்றைச் சுண்டினார். முனகிக்கொண்டு பாதியில் நின்றது. ‘இதுல குண்டே இல்லீங்க, பிளாஸ்டிக்குக்குள்ள தண்டு உரசிக்கிட்டே ஓடும். நம்மூர்ப் புழுதிக்கு ஆறு மாசம்.’ மூன்றாவது சீல் போட்ட பேரிங். சுண்டினால் சத்தமே இல்லை, விலையைச் சொன்னபோது என்னிடமும் சத்தம் இல்லை. தண்டின் மரை பெரியவர்கள் சைக்கிளுக்கு 9/16 அங்குலம், சின்னப் பிள்ளைகள் சைக்கிளுக்குப் பெரும்பாலும் அரை அங்குலம். அதை மட்டும் பார்த்துக்கொள்ளச் சொன்னார். தண்டின் முனையில் எல், ஆர் என்று எழுதியிருக்கும். அதையும் பார்க்கச் சொன்னார், மருமகன் பக்கம் திரும்பி.

இரண்டு பெடலைத் தரையில் வைத்து, செருப்போடு ஏறி நின்று பார்த்தேன். பஸ்ஸுக்கு நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். அகலமான நைலான் பெடல் ஒன்று. ஊசி கிடையாது, மேலே வார்த்த சின்னச் சின்ன மேடுகள்தான். விரல் ஐந்தும் மேலேயே இருந்தன. நடுவில் வரப்பு இல்லை. முன்னும் பின்னும் ஆரஞ்சு ரிஃப்ளெக்டர் வேறு. அலாய் பெடலில் அது இல்லை. நாமக்கல் மாவட்டத்துக்காரன் லாரிக்காரர் கண்ணில் படாமல் பிழைக்க முடியாது. ரிக் வண்டி, ட்ரெய்லர், முட்டை லாரி என்று விடியுமுன்பே வரிசை கட்டிவிடும். பின்னால் சிவப்பாக ஒன்று மின்னினால் அது மைல் கல்லா, நிற்கிற டிராக்டரா என்று டிரைவர் யோசிப்பார். ஆரஞ்சுப் புள்ளி இரண்டு மாறி மாறி மேலும் கீழும் ஏறி இறங்கினால் யோசிக்க ஒன்றும் இல்லை, யாரோ மிதித்துக்கொண்டு போகிறான்.

‘எவ்வளவுங்க?’

‘முந்நூத்தம்பதுங்க.’

‘பழசை வெச்சுக்கிட்டுச் சொல்லுங்க.’

பழைய சோப்பு மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ‘இதை நான் வெச்சுக்கறதுக்கு நீங்கதானுங்க காசு தரணும்’ என்றார். முந்நூறுக்கு முடிந்தது. மாட்டுக்கூலி இல்லை. மரையில் துளி கிரீஸ் தடவி, முன்சக்கரத்தைப் பார்த்துத் திருப்பி இறுக்கினார். மருமகன் செல்போனில் அதைப் படம் எடுத்துக்கொண்டான்.

பெடல் இப்போது பிரமாதம். கால் அதன் வேலையைப் பார்க்கிறது, நான் என் வேலையைப் பார்க்கிறேன். கால் வலி போனபிறகுதான் தெரிந்தது, இத்தனை நாள் அது வேறொரு வலியை மறைத்துக்கொண்டிருந்திருக்கிறது. மறுபடியும் கடைக்குப் போய், சீட்டையும் மாற்றலாமா என்று கேட்டேன்.

கடைக்காரர் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கியபடியே சொன்னார்: ‘அது உக்காந்து பேச வேண்டிய விஷயமுங்க.’