மொய் யாரு எழுதுனா?

ஏ பேராண்டி, இப்படி உக்காருல. நீல விளக்குப் போட்டு கீட்டோனை ரிடக்‌ஷன் பண்ணுதியாமே! உங்கம்மா தெருப் பூரா சொல்லிட்டா. சொன்னவளுக்கும் கீட்டோன்னா என்னன்னு தெரியாது, கேட்டவளுவளுக்கும் தெரியாது. ஆனா எல்லாருக்கும் ஒரே பெருமை. காலேஜ் லேப்புல குடுவை கழுவிப் பென்சன் வாங்குத கெழவனுக்கு என்ன தெரியும்னு நெனைக்காம, நான் கேக்குததுக்கு மட்டும் பதில் சொல்லு.

விளக்கு எதுக்குலே? பென்சோபீனோனை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்ல கரைச்சு, ஒரு சொட்டு அசிட்டிக் அமிலம் விட்டு, காத்துப் போகாம மூடி ஜன்னல்ல வச்சா, நம்ம ஊரு வெயிலுக்கு சில நாள்ல அடியில வெள்ளையா படிகம் எறங்கிரும். பென்சோபினக்கால். அந்த ஒரு சொட்டுதான் சூட்சுமம். விடலைன்னா கண்ணாடியில ஒட்டியிருக்க காரமே விளைஞ்சதைப் பாதி வழியில உடைச்சுப் போட்டுரும். பயலுவ சொட்டை மறந்துட்டு வெயிலைத் திட்டுவானுவ.

இதுவும் புதுசு இல்ல. இத்தாலியில பொலோனா பல்கலைக்கழகத்துல சாமிச்சியன், சில்பர்னு ரெண்டு பேரு 1900-லயே ஆல்கஹால்ல கரைச்ச பென்சோபீனோனை வெயில்ல வச்சுப் பாத்துட்டாவ. மொட்டை மாடி பூரா குடுவைதான். 1912-ல நியூயார்க்குல போய், நிலக்கரி தீந்தாலும் சூரியன் இருக்கு, வறண்ட நெலத்துல கண்ணாடிக் குழாயா நட்டுப் புகையில்லாம ஆலை நடத்தலாம்னு பேசுனாரு சாமிச்சியன். கரண்டு பில்லு கட்டாத மனுசன், பேசலாம்.

இப்ப மொய்க் கணக்குக்கு வருவோம். வெளிச்சம் பந்தலுக்கு விளக்குப் போட்டுது, சரி. மொய் எழுதுனது யாரு? ஹைட்ரஜனைக் குடுத்தது ஆல்கஹால்லா! வெளிச்சம் பட்டுத் துடிக்குத பென்சோபீனோன் அதுகிட்ட ஒண்ணைப் புடுங்கும். பறிகுடுத்த ஆல்கஹால் மிச்சம் இருக்க ஒண்ணையும் பக்கத்துல நிக்க இன்னொரு பென்சோபீனோனுக்குத் தூக்கிக் குடுத்துட்டு அசிட்டோனா ஆயிரும். அதான் ஒரு ஒளித்துகளுக்கு ரெண்டு கீட்டோன் வரைக்கும் மாறுது. அசிட்டோன் என்னது? கீட்டோன்! ஒரு கீட்டோனை ஒழிக்கேன்னு கெளம்பி இன்னொரு கீட்டோனைப் பெத்து வச்ச கதைதான். இதுக்கு ஒரு பி.எச்.டி.

உன் வகையில ருத்தேனியம் காம்ப்ளெக்ஸ். 450 நானோமீட்டர் நீலத்தை அது வாங்கிக்கிடும். பென்சோபீனோனுக்கு 340 பக்கம் வேணும், நீலம் எடுக்காது. சரி, கெட்டிக்காரத்தனம்தான். ஆனா ருத்தேனியம் மட்டும் முக்கி முக்கிப் பாத்தாலும் கீட்டோன் மேல எலெக்ட்ரானை ஏத்த முடியாது. ஒரு அமிலம் முட்டுக் குடுக்கணும். எலெக்ட்ரானை ட்ரைஎத்தில் அமீன் குடுக்கணும். உன் சட்டையில நாறுதே, அந்த மொய்தான். ஒவ்வொரு தடவையும் அமீன் செலவு. தலைப்புல மட்டும் ‘ஒளியால்’. அமீன் பேரு எங்கலே?

சும்மா கீட்டோனை ஆல்கஹாலா மாத்துனாப் போதும்னா, சோடியம் போரோஹைட்ரைடு கொஞ்சம் போட்டா இருட்டுலயே வேலை முடிஞ்சிரும். அதுக்கு நீலக் கல்யாணம் வேண்டாம். போரோஹைட்ரைடால முடியாதது ஒண்ணு உண்டு. கீட்டோனைப் பாதி வழியில, ஒத்தை எலெக்ட்ரானோட நிறுத்தி, இன்னொரு கார்பனோட சேத்து வைக்கது. உன் விளக்குக்கு மரியாதை அங்கதான். அதை விட்டுட்டு நீ ஆல்கஹால் கணக்கை எழுதிட்டு இருக்க.

கடைசியா ஒண்ணு. அந்த விளக்கு நல்லாச் சுடுது, ஃபேன் வச்சிருக்கேன்னு சொன்னல்லா? அதே கலவையில இன்னொரு குடுவை எடு, அலுமினியத் தாளைச் சுத்து, அதே சூட்டுல வையி. அதுலயும் அதே விளைச்சல் வந்துதுன்னா என்கிட்ட வராத, நேரா உன் கைடுகிட்ட போ. அவரு தலைப்பை மாத்தச் சொல்லுவாரு. உங்கம்மாகிட்ட நான் பேசிக்கிடுதேன்.