நீ பானையா, ஜாடியா?

வாடா பேராண்டி. பகல் ஒரு மணிக்கு வண்டிய எடுக்கப் போறியா? நல்ல நேரந்தான். காலையில போனா கத்திரி வெயிலுக்குக் கண்ணு சரியாத் தெரியாது. இப்பப் போனாத்தான் ஒன்னைய நல்லா அடையாளம் கண்டுக்கும். தொப்பி வாண்டாம், காசு குடுத்து வெட்டின முடி கலைஞ்சிடும். தண்ணி பாட்டிலும் வாண்டாம். ஆம்புலன்சுல ஏத்தறப்ப ஆளு லேசா இருந்தாத்தான் தூக்குறவனுக்கு வசதி.

சிரிக்கிறான் பாரு. சரி, கெளம்பறதுக்கு முன்னாடி இந்தத் திண்ணையில குந்து. எதுர ரெண்டு இருக்குதே, என்னா? ஒண்ணு மண்பானை. இன்னொண்ணு பீங்கான் ஜாடி, நம்மூரு சூளையில வெந்தது. ரெண்டும் மண்ணுலேருந்து வந்ததுதான். ரெண்டுலயும் காலையில ஒரே தண்ணியத்தான் ஊத்தினா ஒங்க ஆயா. பானை மேல கைய வையி. ஈரமா இருக்கா? அது வேர்க்குதுடா. உள்ள இருக்கிற தண்ணி பொடி ஓட்டை வழியாக் கசிஞ்சி, காத்துல ஆவியாப் போவுது. போறப்ப சூட்டையும் கூட்டிக்கிட்டுப் போயிடுது. ஜாடிக்கு மேல கிளேசு பூசி, ஆயிரம் டிகிரிக்கு மேல வேகவெச்சி, ஓட்டையெல்லாம் அடைச்சாச்சி. பளபளன்னு மாப்பிள்ளை மாதிரி நிக்குது. உள்ள கைய விட்டுப் பாரு, வெதவெதன்னு இருக்கும்.

ஆண்டவன் ஒன்னையப் பானையாத்தான் படைச்சான். நீதான் ஜாடியாவணும்னு கறுப்பு ஜீன்சும், ஒடம்போட ஒட்டின நைலான் சட்டையும் மாட்டிக்கிட்டு அலையிற. நான் கட்டியிருக்கிற வேட்டியப் பாத்து ஒங்கூட்டாளிங்க சிரிக்கிறாங்க. சிரிக்கட்டும். எனக்குக் காத்து போவுது.

பானை வேர்க்கணும்னா உள்ள தண்ணி இருக்கணுமில்ல? தாகம் எடுத்தாக் குடிச்சிக்கிறேங்கிற. தாகம் எடுக்கிறப்பவே பானை குறைஞ்சி போச்சுன்னு அர்த்தம். சுந்தரரு நம்மூரு மணிமுத்தாத்துல பொன்னைப் போட்டுட்டுத் திருவாரூருக் குளத்துல எடுத்தாரு. அவருக்குச் சாமி கூட்டாளி. நீ ரோட்டுல வேர்வையா விட்டதைக் கலரு கடையில தேடுறியே, ஒனக்கு யாருடா கூட்டாளி? மோரு குடி, கம்மங்கூழு குடி. ரொம்ப வேர்த்துப் போச்சுன்னா ஒரு லிட்டரு காய்ச்சி ஆறுன தண்ணியில தலை தட்டின ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பைக் கை நெறைய அள்ளிப் போட்டுடாத, அது ஊறுகாய்க்கு.

இன்னொண்ணு. அச்சுலேருந்து எடுத்த பச்சைப் பொம்மையக் கொண்டுபோயி நேரா வெயில்ல வெச்சா என்னாவும்? வெடிச்சிப் போவும். நெழல்ல வெச்சி மெதுவாத்தான் காய வைப்பாங்க. நீயும் பச்சைப் பொம்மதான். வருஷம் பூராவும் சென்னையில ஏசிக்குள்ள குந்திட்டு, நேத்து ராத்திரி ரயில்ல வந்து எறங்கி, இன்னிக்கே முந்திரித் தோப்பச் சுத்திப் பாக்கணுங்கிற. வெயில் பழகுறதுக்கு ஒடம்புக்கு ஒரு வாரம், பத்து நாளாவது ஆவும்டா.

நான் மட்டும் யோக்கியனான்னு கேளு. கேக்க மாட்ட, நானே சொல்றேன். சூளையில வெந்தவனுக்கு வெயிலு ஒரு கேடான்னு வீறாப்புப் பேசிட்டு, ஒரு சித்திரை மாசம் உச்சிப் பொழுதுல கொட்டை பொறுக்கப் போனேன். தலை வலிச்சுது, கொமட்டுச்சு. இன்னும் ஒரு மரந்தானேன்னு குனிஞ்சேன். பொறவு முந்திரி மரத்தப் பாத்து, "மாமா, சாப்புட்டியா"ன்னு கேட்டனாம். ஒங்க ஆயா இன்னிக்கும் அந்த மரத்துக்கு மொறை வெச்சித்தான் பேசுறா.

நம்மூருல பியூஸ் கட்டை செய்யிறாங்களே, அது எதுக்கு? கம்பி அறுந்து வீட்டக் காப்பாத்தத்தான். தலைசுத்தலும் கொமட்டலும் அந்தக் கம்பிதாண்டா. அப்பவே நெழலுக்கு ஓடி வந்துடணும். எம்மாதிரி பேச்சு கொழறிப் போச்சு, ஒடம்பு சூளையாக் கொதிக்குதுன்னா, வேர்வை நின்னுருந்தாலும் சரி, நிக்காட்டியும் சரி, 108க்கு அடிச்சிடு. வண்டி வர வரைக்கும் நெழல்ல படுக்க வெச்சி, சட்டையக் கழட்டி, ஒடம்பெல்லாம் தண்ணி ஊத்தி விசிறணும். நெனவு தப்பினவன் வாயில மட்டும் எதையும் ஊத்தக் கூடாது. எம் மச்சான் சோடா பாட்டிலோட ஓடி வந்தான், நல்லவேளை ஒங்க ஆயா தட்டி விட்டா. இல்லாட்டி வெயிலு பொழைக்க வுட்டதை சோடா முடிச்சிருக்கும்.

ராத்திரிக்குக் குளுந்துடும்னு நெனைக்காத. சூளையில நெருப்ப நிறுத்தினா உடனே ஆறிடுதா? ஒங்கப்பன் கட்டின மொட்டைமாடி வீடும் அதே சூளைதான், விடிய விடிய அனல் கக்கும். சாயந்திரம் மாடியில தண்ணி தெளிச்சி வையி. வெயிலு 40 டிகிரியத் தாண்டினா வெறும் ஃபேனு அனலத்தான் வாரி அடிக்கும், மேலுக்கு ஈரத்துண்டு போட்டுக்க.

2024 அக்டோபர்லயே நம்ம சர்க்காரு வெப்ப அலையப் பேரிடருன்னு அறிவிச்சிட்டாங்க தெரியுமில்ல? அதுல செத்தா குடும்பத்துக்கு 4 லட்சம். நல்ல தொகைதான், நானும் பல்லு கட்டணும். ஆனா ஆபீசு ஆபீசா அலையிறதுக்கு எங்கால்ல தெம்பில்ல. அதனால நீ இருந்துட்டுப் போ.

என்னா தேடுற? வண்டிச் சாவியா? பானைக்குள்ள கெடக்கு. கழுவித்தாண்டா போட்டேன். ஒவ்வொரு சொம்பா மொண்டு குடி, நாலு மணிக்கெல்லாம் அடி தெரியும்.