கொம்பியல்: ஒரு தொடக்க ஆய்வு

1. ஆய்வின் தேவை

தமிழ்நாட்டில் மூக்குப்பொடி முதல் முதுமக்கள் தாழி வரை எல்லாவற்றையும் ஆராய்ந்துவிட்டார்கள். கொம்பை மட்டும் யாரும் தொடவில்லை. தொட்டால் குத்தும் என்ற அச்சம் காரணமாக இருக்கலாம். ஆனால் கொம்பு இல்லாமல் தமிழில் ஒரு பத்தி எழுத முடியாது, ஒழுங்காக ஒரு சண்டை போட முடியாது, ஒரு கல்யாணம் பேசி முடிக்க முடியாது. இவ்வளவு உழைக்கும் ஒரு சொல்லுக்கு ஒரு துறை கூட இல்லாதிருப்பது கண்டே இவ்வாய்வு எழுந்தது.

ஆய்வின் கருதுகோளை நூற்பாவாகவே தந்துவிடலாம்:

உள்ளவர் உரையார் இல்லவர் உரைப்பர்
கொள்ளுக கொம்பின் இயல்பென மொழிப.

இந்நூற்பா இவ்வாய்வாளர் நேற்று மாலை இயற்றியது. "மொழிப" என்று பலர்பாலில் முடித்தது, வேறு சிலரும் இப்படிச் சொல்லியிருப்பார்கள் என்ற நம்பிக்கையில். இதன் கருத்து: கொம்பைப் பற்றிய பேச்சில் பெரும்பகுதி கொம்பில்லாதவரைப் பற்றியது, அதைப் பேசுவோரும் கொம்பில்லாதவரே.

2. கொம்பாவது யாது?

விலங்கியலாரைக் கேட்டால், மாடு, ஆடு, வெளிமான் போன்றவற்றுக்கே மெய்யான கொம்பு உண்டு என்பார்கள். உள்ளே எலும்பு, அதன்மேல் கெரட்டின் என்ற பொருளாலான உறை. முளைத்தால் ஆயுளுக்கும் அதுதான். புள்ளிமான் கிடாயின் தலையில் கிளைத்து நிற்பதோ முழுக்க எலும்பு; உதிர்ந்து உதிர்ந்து மறுபடி முளைப்பது. கிண்டி தேசியப் பூங்காவில் வெளிமான், புள்ளிமான் ஆகிய இரண்டு இனமும் ஒரே வேலிக்குள் மேய்கின்றன. முன்னது சொந்த வீட்டுக்காரர், பின்னது அடிக்கடி வீடு மாற்றும் வாடகைக்காரர். காண்டாமிருகத்தின் கொம்பில் எலும்பே கிடையாது, முழுவதும் கெரட்டின். யானையின் கொம்போ மேல்தாடையில் முளைத்த பல்.

எலும்பு, உறை, பல் ஆகிய மூன்றையும் தமிழ் ஒரே சொல்லில் அடக்கியது. அதோடு நிறுத்தாமல் மரக்கிளை, ஊதுகருவி, எழுத்தின் உறுப்பு ஆகியவற்றையும் உள்ளே விட்டது. வந்தவர்க்கெல்லாம் இலை போடும் இப்பண்பைச் சொல்லின் பலவீனம் என்பாரும் உளர். விருந்தோம்பல் என்பது எம் கருத்து.

3. எழுத்துக்கொம்பு

எகரத்துக்கு ஒற்றைக்கொம்பு, ஏகாரத்துக்கு இரட்டைக்கொம்பு, ஐகாரத்துக்கு இணைக்கொம்பு. "கொம்பு" என்று எழுதத் தொடங்கினால் முதலில் வருவதே ஒரு கொம்புதான். தான் குறிக்கும் பொருளைத் தன் தலையிலேயே சுமக்கும் சொல் வேறொன்று உண்டா என்று தேடியதில், ஒன்று இருந்து பறிபோனது தெரிய வந்தது. பழைய எழுத்தில் "யானை" என்று எழுதினால், கடைசி எழுத்துக்கு முன்னால் ஒரு துதிக்கை வளைந்து தொங்கும். 1978இல் தமிழக அரசு கொண்டுவந்த எழுத்துச் சீர்திருத்தம் ணை, லை, ளை, னை ஆகியவற்றின் துதிக்கையை நீக்கி, மற்ற எழுத்துகளுக்கு உள்ளது போலவே இணைக்கொம்பை வைத்தது. ஆக, அரசாணையால் துதிக்கை இழந்து கொம்பு பெற்ற ஒரே விலங்கு தமிழ் யானை. ஆணோ பெண்ணோ, எல்லா யானைக்கும் இது பொருந்தும்.

இரட்டைக்கொம்புக்கும் ஒரு வரலாறு உண்டு. முற்காலத்தில் எகரக் குறிலைப் புள்ளி வைத்து நெடிலிலிருந்து பிரித்தார்கள். ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை பொத்தலாகும் என்று எழுதுவோர் புள்ளியை விட்டுவிட, படிப்பவர் பாடு திண்டாட்டமானது. 18ஆம் நூற்றாண்டில் இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் நெடிலின் கொம்பைச் சுழித்து இந்தச் சிக்கலைத் தீர்த்தார். உள்ளூர்க்காரருக்கு வெளியூர்க்காரர் கொம்பு சுழித்துவிட்டு, அதனால் சண்டை மூளாமல் தெளிவு பிறந்த நிகழ்வு இது ஒன்றே.

இன்னொரு நுட்பமும் உண்டு. யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பது பழமொழி. எழுத்துக்கொம்பு இதற்கு நேர்மாறானது. கொம்பு முன்னே வரும், அதன் ஓசை மெய்யெழுத்தின் பின்னே வரும். முதல் வகுப்புப் பிள்ளைகள் இதை எதிர்த்து ஆண்டுதோறும் போராடித் தோற்கிறார்கள்.

4. மரக்கொம்பு

மரத்தில் கொம்பின் தரம் மனிதரின் தரத்தை நிர்ணயிக்கிறது. புளியங்கொம்பு எளிதில் முறியாது. ஆகவே வசதியான இடத்தில் பெண் எடுத்தவன் "புளியங்கொம்பாகப் பார்த்துப் பிடித்தவன்" ஆகிறான். முருங்கைக்கொம்பு பிடித்தவுடன் முறியும். அதைப் பிடித்த மாப்பிள்ளைகளைப் பற்றி வழக்கில் ஒன்றுமில்லை. விழுந்தவர்கள் வெளியே சொல்வதில்லை என்று கொள்க. முடவன் ஆசைப்படுவது கொம்புத்தேனுக்கு. வள்ளுவரோ வலியறிதல் அதிகாரத்தில், 476ஆம் குறளில், நுனிக்கொம்பு வரை போனவர் அதற்கும் மேலே ஏற முயன்றால் உயிருக்கே முடிவு என்கிறார். பதவி உயர்வு பற்றிய முதல் பாதுகாப்பு எச்சரிக்கை இதுவாகலாம்.

இவ்வகையில் பெரும் அநீதிக்கு ஆளானது கொம்பேறி மூக்கன் பாம்பு. ஆளைக் கடித்துவிட்டு, மரக்கொம்பில் ஏறி, சுடுகாட்டில் புகை எழுகிறதா என்று பார்க்குமாம். உண்மையில் அது நஞ்சற்ற பாம்பு. பல்லி, ஓணான், தவளை தின்று காலம் தள்ளுவது. மரமேறுவது சாப்பாட்டுக்காக. கொம்பும் இல்லை, நஞ்சும் இல்லை, பெயர் மட்டும் ஊரை நடுக்குகிறது. நம் நூற்பாவுக்கு முதல் சான்று இதுவே.

5. ஓசைக்கொம்பு

கோயில் திருவிழாவில் ஊதும் கொம்பு ஒருகாலத்தில் விலங்கின் கொம்பாகவே இருந்தது. பின்னர் பித்தளைக்கும் வெண்கலத்துக்கும் மாறியும் வளைவையும் பெயரையும் விடவில்லை. விரல் வைக்கத் துளை கிடையாது. உதட்டையும் மூச்சையும் கொண்டே சுரம் பிரிக்க வேண்டும். கேரளத்துப் பஞ்சவாத்தியத்தின் ஐந்து கருவிகளில் இதுவும் ஒன்று.

இதன் இயந்திர வழித்தோன்றல் ஹாரன். ஆங்கிலத்திலும் கொம்பு என்பதே அதன் பெயர். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், பல சுரங்களில் மாறி மாறி ஒலிக்கும் ஹாரனைத் தடை செய்கின்றன. விதிக்கும் புறவழிச்சாலைக்கும் உள்ள உறவை விளக்கத் தனி ஆய்வு வேண்டும். நமக்கு வேண்டியது ஒன்றே: வண்டிக்குத் தலையில் கொம்பில்லை, ஆகவே ஓயாமல் ஊதுகிறது. கொம்புள்ள எருமை அதே சாலையின் நடுவில் வாயைத் திறக்காமல் நிற்கிறது. ஒதுங்கிப் போவது எது என்பதைப் படிப்பவர் அறிவர்.

6. இல்லாக்கொம்பு

இனி ஆய்வின் மையம். இல்லாக்கொம்பு மூவகைப்படும்: முயற்கொம்பு, குதிரைக்கொம்பு, மனிதக்கொம்பு.

முயற்கொம்பு தருக்க நூலாருடையது. அறவே இல்லாத பொருளுக்கு ஆகாயத்தாமரை, மலடிமகன் ஆகியவற்றோடு சேர்த்து அவர்கள் காட்டும் எடுத்துக்காட்டு இது. குதிரைக்கொம்பு மக்கள் வழக்கு. குதிரைக்கும் கொம்பு அறவே இல்லை. ஆயினும் "கிடைப்பது குதிரைக்கொம்பு" என்றால், அரிது, ஆனால் யாரையாவது பிடித்தால் கிடைக்கும் என்று பொருள். முயலுக்கு மறுத்த சலுகையைத் தமிழர் குதிரைக்குத் தந்தது ஏன்? முயலை யாரும் சிபாரிசுக்கு அழைத்துப் போவதில்லை என்பது ஒரு விடை.

இவ்வேறுபாட்டைத் தீபாவளி ரயில் டிக்கெட்டைக் கொண்டு துல்லியமாக அளக்கலாம். முன்பதிவு தொடங்கிய சில நிமிடங்களில் உறுதியான இடம் குதிரைக்கொம்பு ஆகிறது. காத்திருப்போர் பட்டியலில் முந்நூறாம் எண் முயற்கொம்பு. ஆர்.ஏ.சி. என்பது இரண்டுக்கும் நடுவே உட்கார்ந்தபடியே ஊர் போய்ச் சேருவது.

மனிதக்கொம்பு வினாவிலேயே வாழ்கிறது. "உனக்கென்ன ரெண்டு கொம்பா முளைச்சிருக்கு?" என்று கேட்பார்களே அன்றி, "உனக்குக் கொம்பு முளைத்திருக்கிறது" என்று எவரும் அறிவித்ததில்லை. வரிசையில் இடையே புகுந்தவரைக் கேட்பர். பந்தியில் இரண்டாம் முறை பாயசம் கேட்டவரைக் கேட்பர். மாப்பிள்ளை வீட்டார் கூடுதலாக ஐந்து பவுன் கேட்டுவிட்டுப் போனபின், பெண்ணின் அத்தை, "அவுங்க பையனுக்கு மட்டும் என்ன கொம்பா முளைச்சிருக்கு?" என்பார். எதிரே இருந்தபோது கேட்கமாட்டார். பழங்காலத்தில் நிலை வேறு. முல்லைக்கலி காட்டும் ஆயர்குலப் பெண், காளையின் கொம்புக்கு அஞ்சுபவனை ஏறெடுத்தும் பாராள். அன்று கொம்பு காளைக்கு இருந்தது, மாப்பிள்ளை அதை எதிர்கொள்ள வேண்டும். இன்று கொம்பு மாப்பிள்ளைக்கு, எதிர்கொள்வது பெண் வீட்டார்.

"எந்தக் கொம்பன் வந்தாலும்" என்ற தொடர் இதன் கிளை. வராதவரை மட்டுமே இது குறிக்கும். வந்துவிட்டால் அவர் "அண்ணன்" ஆகிவிடுவார்.

இனி, கொம்பு சீவிவிடுதல். பங்காளிச் சண்டையில் அண்ணனையும் தம்பியையும் தனித்தனியே டீக்கடைக்கு அழைத்துப் போய்ப் பேசுகிறவர் செய்வது இத்தொழில். சீவப்படுபவருக்கும் கொம்பில்லை, சீவுபவருக்கும் கொம்பில்லை, சீவிய தூளும் கீழே விழுவதில்லை. ஆயினும் குத்து விழுகிறது, வழக்கு நீதிமன்றம் போகிறது. இல்பொருளிலிருந்து உள்பொருள் தோன்றாது என்ற தத்துவத்துக்கு இது பெரிய சவால்.

7. உள்ள கொம்பு

மெய்யாகவே கொம்புள்ளவர் நிலை என்ன? காங்கேயம் காளைக்கு வளைந்து நிற்கும் வலிய கொம்பு. ஆனால் கயிறு மூக்கில். மாட்டுப் பொங்கலன்று கொம்புக்கு வண்ணம் பூசுவர். எந்தக் கட்சியின் வண்ணம் என்பதில் மாட்டின் கருத்தைக் கேட்பதில்லை. காவிரிக் கடைமடையின் உம்பளச்சேரி இனத்தில் எருதுகளின் கொம்பை நீக்கிவிடும் வழக்கம் உண்டு. மொட்டை மாடு என்ற பெயரும் அதற்கு உண்டு. கொம்பு போனபிறகும் சேற்றுழவு போகவில்லை. ஜல்லிக்கட்டில், 2017ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிந்தைய விதிகளின்படி, திமிலைத்தான் தழுவலாம். கொம்பையும் வாலையும் பிடிக்கக் கூடாது. ஜல்லிக்கட்டுக் களத்தில் கொம்புக்குக் கிடைத்துள்ள சட்டப் பாதுகாப்பு அதுவே.

கொம்பர்களில் தலைசிறந்தவன் அரிக்கொம்பன். இடுக்கி மாவட்டத்துச் சின்னக்கானலில் ரேஷன் கடைகளை உடைத்து அரிசி தின்ற யானை. 2023 ஏப்ரல் 29 அன்று பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள். மே 27 அன்று கம்பம் நகரத் தெருவில் வந்து நின்றான். ஜூன் 5 அன்று தமிழக வனத்துறை மறுபடி பிடித்து, களக்காடு முண்டந்துறைப் பக்கம் கொண்டுபோனது. இத்தனை கலவரத்துக்கு நடுவில் அவன் தன் கொம்பைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவன் கேட்டதெல்லாம் பெயரின் முற்பாதி. மலையாளத்தில் "அரி" என்றால் அரிசி.

8. தடையும் விடையும்

"மனிதருக்குக் கொம்பில்லை என்றது பொருந்தாது. மாட்டுக்கொம்பின் உறையில் உள்ள அதே கெரட்டின்தான் நம் நகத்திலும் முடியிலும் உள்ளது. எனவே ஒவ்வொருவருக்கும் இருபது கொம்பு உண்டு" எனின், அற்றன்று. நகத்தை நாமே வெட்டிப் போடுகிறோம். எந்த மாடும் தன் கொம்பைத் தானே வெட்டியதில்லை. மேலும், வழக்கு "முளைச்சிருக்கு" என்றே கேட்கிறது, "வளர்ந்திருக்கு" என்று கேட்பதில்லை. ஆயினும் யாரேனும் "கொம்பா முளைச்சிருக்கு?" என்று கேட்டால் பத்து விரலையும் நீட்டிக் காட்டலாம். அறிவியல் நம் பக்கம் நிற்கும். பக்கத்தில் நிற்பவர்கள் நிற்பார்களா என்பதற்கு இவ்வாய்வு பொறுப்பாகாது.

9. முடிபு

கொம்புள்ளவை மேய்கின்றன, உழுகின்றன, அரிசி தேடுகின்றன. கொம்பில்லாதவர் கேட்கிறார்கள், சீவுகிறார்கள், ஊதுகிறார்கள். ஆகவே ஓரிடத்தில் கொம்பைப் பற்றிய பேச்சு மிகுந்தால், அங்கே கொம்பு இல்லை என்று துணியலாம்.

இத்துறையின் இயல்பான அடுத்த கட்டம் வாலியல். மனிதருக்கு இல்லாத உறுப்புகளில் அதிகம் ஆட்டப்படுவதும், அவசரத்துக்குச் சுருட்டப்படுவதும் வாலே. நிதி கிடைத்தால் உடனே தொடங்கலாம். நிதி வழங்குவோரின் முன்னிலையிலேயே களப்பணி செய்துவிட முடியும் என்பதால் பயணப்படி தேவைப்படாது.