நீட்டவும் சுருட்டவும்

எங்கள் குடும்பத்துச் சுருட்டை முடி தாத்தா வழி வந்தது. அவர் தலையில் இருந்தவரை அது அழகு. என் தலைக்கு இறங்கியதும் அடக்கி வைக்க வேண்டிய ஒன்றாகிவிட்டது.

எம்.கே. தியாகராஜ பாகவதர் நடித்த ‘சிந்தாமணி’ 1937-இல் வந்தது. படம் எடுத்தவர்கள் கிடைத்த லாபத்தில் மதுரையில் அதே பெயரில் ஒரு டாக்கீஸே கட்டினார்கள் என்றால், ஊர் எப்படிக் கிறங்கிக் கிடந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பாட்டுக்குப் பாதிக் கிறக்கம், பிடரியில் புரண்ட அந்த முடிக்கு மீதி. சோழவந்தான் பக்கத்து இளவட்டங்கள் பாகவதர் கிராப்புக்காக என்னென்னவோ செய்து பார்த்தார்களாம். தாத்தாவுக்கு அந்தச் சிரமம் இல்லை. வெற்றிலைக் கொடிக்காலில் வேலை முடித்து, வைகையில் முங்கி எழுந்து, ஈரத்தலையை விரலால் கோதிவிட்டால் வளைவு வளைவாக விழும். இதைச் சொல்லும்போது அப்பத்தாவுக்கு எழுபது வயதிலும் வெட்கம் வரும்.

அதே அப்பத்தாதான் என்னைத் திண்ணையில் பிடித்து உட்காரவைத்து, தேங்காயெண்ணெயில் விளக்கெண்ணெயைக் கலந்து உச்சியில் ஊற்றி, இரண்டு கையாலும் அமுக்குவாள். “சுருட்டை முடி சோறு போடும், கோரை முடி குடி கெடுக்கும்” என்ற சொலவடையைச் சொல்லிக்கொண்டே அமுக்குவாள் என்பதுதான் வேடிக்கை. சோறு போடுகிற முடியை எதற்கு அமுக்க வேண்டும் என்று கேட்டால், “பொம்பளப் புள்ளைக்குத் தல படிஞ்சு கெடக்கணும்த்தா” என்பாள். பள்ளிக்கூடத்திலும் அதே சட்டம். இரட்டைச் சடை, மடித்துக் கட்டிய ரிப்பன். காதோரம் தப்பித்து நிற்கும் சுருள்களை நானே வேண்டுமென்று செய்துகொண்ட அலங்காரம் என்று ஒரு டீச்சர் முடிவுகட்டி, குழாயடிக்கு அனுப்பி நனைத்துவரச் சொல்வார். நனைந்த சுருட்டை காய்ந்ததும் இன்னும் நன்றாகச் சுருளும். அவருக்குக் கோரை முடி, தெரிய நியாயமில்லை.

அத்தை மகளுக்கும் கோரை முடி. சரோஜாதேவியைப் பார்த்துவிட்டு வந்த இரவு, நெற்றியில் ஒரு சுருள் விழுந்தே ஆகவேண்டும் என்று நின்றாள். முன்முடியில் கொஞ்சம் பிரித்தெடுத்து, சீனித் தண்ணீர் தொட்டுத் தடவி, பென்சிலில் சுற்றி, நூல் கட்டிப் படுத்துக்கொண்டாள். நடுச்சாமத்தில் எறும்பு வந்தது. நெற்றியில் பென்சில் ஆட அவள் வாசலுக்கு ஓடிவந்ததைத் தெருவே எழுந்து பார்த்தது. அதைவிடப் புத்திசாலித்தனமான வழி பக்கத்து வீட்டு அக்காவுடையது: ஈரத்தலையில் குட்டிக் குட்டிச் சடையாகப் பின்னிக்கொண்டு தூங்கி, விடிந்ததும் அவிழ்ப்பது. சாயங்காலம் வரை அலை நிற்கும். பைசாச் செலவில்லை.

இப்போது என் தங்கை மகளின் காலம். தாத்தாவின் முடி அப்படியே அவளுக்கு வந்திருக்கிறது, அல்லது வந்திருந்தது. வேலைக்குப் போனதும் அவள் செய்த முதல் காரியம், பைபாஸ் ரோட்டில் ஒரு பார்லரில் பகல் முழுக்க உட்கார்ந்து அதை நீட்டிக்கொண்டதுதான். ரீபாண்டிங் என்றாள். பெருந்தொகை. அப்பத்தா ஒரு கரண்டி எண்ணெயில் முயன்ற காரியம்.

அதோடு முடிந்திருந்தால் எழுத ஒன்றுமில்லை. ஐப்பசியில் கல்யாணம் நிச்சயமானது. ரிசப்ஷனுக்கு முடி தோளில் சுருள் சுருளாக விழ வேண்டுமாம். ஆன்லைனில் கர்லிங் அயர்ன் வந்து இறங்கியது. டிரையல் பார்க்க உதவியாள் நான்.

“பெரியம்மா, எண்ணெய் மட்டும் வச்சிராதீங்க, பொகஞ்சிரும்” என்றாள் முதலிலேயே. கருவியின் உச்ச வெப்பம் 230 டிகிரி என்று அட்டையில் போட்டிருந்தது. வடை வேகவே 180 டிகிரி எண்ணெய் போதும். நல்லவேளை, ஏற்கெனவே ரசாயனம் பட்ட முடி என்பதால் அவள் 150-க்கு மேல் ஏற்றவில்லை. தெர்மோஸ்டாட் இல்லாத காலத்தில் என்ன செய்தார்கள்? பாரிஸில் 1872-இல் மார்செல் கிராட்டோ என்ற சிகையலங்காரக்காரர் இடுக்கியை நெருப்பில் காட்டி அலை போட்டுப் புகழ்பெற்றார். சூடு பார்க்க இடுக்கியைக் காகிதத்தில் வைத்து அழுத்துவது வழக்கம். காகிதம் பழுத்தால் தலைக்கு ஆகாது. அடுத்த தலைமுறையில் கார்ல் நெஸ்லர் என்ற ஜெர்மானியர் கலையாத சுருளுக்கு மின்சார எந்திரமே செய்தார். சோதித்துப் பார்த்தது தன் மனைவி தலையில். அந்த அம்மாளின் முடி கருகி உச்சந்தலையும் வெந்தது. பெர்மைக் கண்டுபிடித்த பெருமை மட்டும் கணவருக்கு.

பெர்முக்கும் ரீபாண்டிங்குக்கும் பெரும்பாலும் ஒரே ரசாயனக் குடும்பம்தான்: தயோகிளைகோலேட். முடியில் உள்ள கெரட்டின் புரதத்தின் கந்தகப் பிணைப்புகளை அது அவிழ்த்துவிடும். குச்சியில் சுற்றி மறுபடி பூட்டினால் சுருட்டை, தகடு வைத்து இழுத்துப் பூட்டினால் கோரை. கர்லிங் அயர்னுக்கு அவ்வளவு வலு இல்லை. அது பலவீனமான ஹைட்ரஜன் பிணைப்புகளை மட்டும் சூட்டில் தளர்த்தும். ஆறும்போது முடி எந்த வடிவில் இருக்கிறதோ அந்த வடிவிலேயே அவை திரும்பப் பிடித்துக்கொள்ளும். அதனால் சுருள் நிற்பதும் நிற்காததும் ஆறவைப்பதில்தான் இருக்கிறது. கம்பியிலிருந்து நழுவியதை அப்படியே வளையமாக மடக்கி, தலையோடு சேர்த்துக் கிளிப் குத்தி, முழுக்க ஆறியபின் அவிழ்க்க வேண்டும். சீப்பு கூடாது, விரல்தான். கிளிப் குத்திய பக்கம் மாலையிலும் நின்றது, அவசரத்தில் விட்ட பக்கம் காபி குடித்து முடிப்பதற்குள் தொங்கிவிட்டது. பக்கத்து வீட்டு அக்காவின் குட்டிச் சடைகளும் இதே பிணைப்புகளைத்தான், தண்ணீரால் தளர்த்தி, விடிய விடியக் காயவைத்துப் பிடித்தன.

தண்ணீர் என்றதும் மல்லிகை ஞாபகம் வரவேண்டும். மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பூக்காரம்மாவுக்கு அது தெரியுமோ என்னவோ, வாடாமலிருக்க நிமிடத்துக்கொரு தரம் தண்ணீர் தெளிக்கத் தெரியும். நாலு முழம் வாங்கி வைத்துப் பார்த்தோம். பூவின் ஈரம் இறங்கிய இடமெல்லாம் சுருள் தளர்ந்து, பழைய ரீபாண்டிங் நீட்டம் திரும்பிவிட்டது. அலங்காரம் செய்யப்போகிற பெண்ணிடம் போனில் கேட்டதற்கு ஒரு யோசனை சொன்னாள்: துணியில் செய்த மல்லிகைச் சரம். அசல் போலவே இருக்குமாம், மேலே கொஞ்சம் சென்ட் அடித்துக்கொள்ளலாமாம்.

இதை மதுரையில் சொல்கிறார்கள். பெண்ணின் கூந்தலுக்கு மணம் இயற்கையா, பூவாலும் தைலத்தாலும் வந்ததா என்று பாண்டியன் ஆயிரம் பொன் முடிப்புக் கட்டிய ஊர். சிவனே வந்தும் நக்கீரர் விட்டுக்கொடுக்கவில்லை. 1965-இல் ‘திருவிளையாடல்’ வந்தபின் நாகேஷின் தருமியை அறியாத வீடு இங்கே கிடையாது. இப்போதைய பரிசுத் தொகை பார்லருக்குப் போகிறது. நக்கீரர் வந்தால் தலையைப் பார்ப்பாரா, பூவை முகர்வாரா என்பதுதான் தெரியவில்லை.

கண்ணாடி முன் உட்கார்ந்திருந்தவளுக்கு வகிடு எடுத்துவிட்டேன். அடியில் இரண்டு விரற்கடைக்குப் புதிதாக வளர்ந்த முடி, தாத்தாவின் முடி, தானாகவே சுருண்டிருந்தது. அதற்குக் கீழே காசு கொடுத்து நீட்டியது. நுனியில் கம்பி வைத்துச் சுருட்டியது.

“இந்தா இங்க சும்மாவே சுருண்டு கெடக்கேத்தா” என்றேன்.

“அத ஏன் கேக்குறீங்க பெரியம்மா, அசிங்கமாத் தெரியுது. மறுவீடு முடிஞ்சதும் டச்-அப்புக்கு நேரம் வாங்கிட்டேன்.”

“நீட்டவா, சுருட்டவா?”

“நீட்டத்தான்” என்றாள், கம்பியில் அடுத்த கற்றையைச் சுற்றிக்கொண்டே.