பிடிச்சுக்கோங்க மாமா!

ஏ.டி.வி. என்று ஒரு வண்டி இருக்கிறது. நாலு சக்கரம் இருப்பதால் பைக் இல்லை. ஹேண்டில்பார் இருப்பதால் கார் இல்லை. ஏறும்போது ஜமீன்தார் கம்பீரம் வரும், இறங்கும்போது இடுப்பு வலி வரும். 1970-இல் ஹோண்டா கம்பெனி அமெரிக்காவில் இதன் பாட்டனாரை மூன்று சக்கரத்தோடு விற்பனைக்கு விட்டது. பலூன் டயர் மட்டும்தான்; ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் எதுவும் கிடையாது. திருப்பத்தில் கவிழ்ந்து கவிழ்ந்து ஜனங்கள் ஆஸ்பத்திரியை நிரப்பியதால், 1988-இல் புதிய மூன்று சக்கர வண்டிகளின் விற்பனைக்கு அங்கே முற்றுப்புள்ளி வைத்தார்கள். அதற்குள் நாலு சக்கர வண்டி வந்து இடத்தைப் பிடித்துவிட்டது. ஆக, ஓடுவதில் இந்தக் குடும்பத்துக்கு எந்தக் காலத்திலும் சிக்கல் இருந்ததில்லை. நிற்பதில்தான்.

என் மைத்துனன் கிழக்குக் கடற்கரைச் சாலையோரம், சவுக்குத் தோப்பை ஒட்டிய ஒரு மணல் திடலில் இந்த வண்டிகளை ரவுண்டு கணக்கில் வாடகைக்கு விடுகிறான். வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "ஆக்சிலேட்டர் எது?" இரண்டாவது, "போட்டோ யார் எடுப்பா?" பிரேக் எது என்று கேட்ட ஒருவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

அந்தப் பிரேக்கில் ஒன்று லொடலொடத்துப் போயிற்று. லிவரை அமுக்கினால் எந்த எதிர்ப்பும் காட்டாமல் ஹேண்டில்பார் வரைக்கும் வந்தது. ஆயிலை மாற்றி, ஏர் எடுக்க வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் விஷயம் தெரிந்தவர், இன்னொருவர் லிவரைப் பிடிக்கிறவர். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் போயிருந்த எனக்கு இரண்டாவது பதவி கிடைத்தது.

விஷயம் எளிமையானது. மூடிய பாத்திரத்தில் இருக்கும் திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால் அந்த அழுத்தம் குறையாமல் எல்லாப் பக்கமும் போய்ச் சேரும் என்று 17ஆம் நூற்றாண்டிலேயே பாஸ்கல் சொல்லிவிட்டார். நாமும் பள்ளிக்கூடத்தில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறோம். அதை வண்டிக்குக் கொண்டுவந்தவர் மால்கம் லாகீட் என்ற அமெரிக்கர். 1917-இல் காப்புரிமை வாங்கினார். தம்பியோடு சேர்ந்து விமானமும் செய்தவர். 1921-இல் டூசன்பர்க் கார் நாலு சக்கரத்துக்கும் இந்தப் பிரேக்கோடு வந்தது. ஒரு காலத்தில் பிரேக்கில் ஊற்றிய திரவம் விளக்கெண்ணெயும் ஆல்கஹாலும் கலந்தது. நம் பாட்டிமார் நம்மை ஓட வைக்கக் கொடுத்த விளக்கெண்ணெயை வைத்து, வெள்ளைக்காரன் வண்டியை நிற்க வைத்திருக்கிறான்.

இப்போது ஊற்றுவது கிளைக்கால் வகைத் திரவம். அதற்கு ஒரே ஒரு கெட்ட பழக்கம்: காற்றில் இருக்கும் ஈரத்தைக் குடிக்கும். எங்கள் கடலோரத்தில் ஈரத்துக்குப் பஞ்சமா? உப்பு டப்பாவில் நாலு அரிசி போட்டு வைக்கும் ஊர் இது. டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. அதே ஆயில் 3.7 சதவீதம் தண்ணீரைக் குடித்த பிறகு, அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. பிரேக்கைப் பிடித்துப் பிடித்து, சக்கரத்தின் டிஸ்கைக் கவ்வும் காலிப்பர் சூடேறும்போது, உள்ளே ஆயில் கொதித்து ஆவியாகும். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். நீங்கள் அமுக்குவீர்கள், அது அமுங்கும், வண்டி மட்டும் போய்க்கொண்டே இருக்கும்.

ஆயில் வாங்கப் போன கடையில் டாட் 3, 4, 5, 5.1 என்று வரிசையாகச் சொன்னார்கள். "5.1 இருக்கட்டும் மாமா, சவுண்டு நல்லா வரும்" என்றான் மைத்துனன். 4-க்கும் 5.1-க்கும் ரத்த சம்பந்தம் உண்டு, இரண்டும் கிளைக்கால். நடுவில் இருக்கும் 5 மட்டும் சிலிக்கோன், ஊதா நிறம், மற்றவர்களோடு சேராது. மற்றதற்கான வண்டியில் அதை ஊற்றக் கூடாது. ஆனால் நம்பர் வரிசையில் அது நடுவில்தான் உட்கார்ந்திருக்கும். எல்லாக் கல்யாண வீட்டிலும் இப்படி ஒரு பெரியப்பா உண்டு. லிவரோடு சேர்ந்த மாஸ்டர் சிலிண்டரின் ஆயில் மூடியில் டாட் 4 என்று எழுதியிருந்ததால், விவாதத்தை நிறுத்தி அதையே வாங்கி வந்தோம்.

மூடியைத் திறந்தால் உள்ளே பழைய டிகாக்‌ஷன் மாதிரி ஒரு கருப்பு. மேலே இருந்ததை உறிஞ்சி எடுத்துவிட்டு, புதியதை ஊற்றி, மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான இடது முன் சக்கரத்தில் தொடங்கினோம். காலிப்பரில் காற்றை வெளியேற்ற இருக்கும் நிப்பிளில் டியூபை மாட்டி, அதன் மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் இருந்த பாட்டிலுக்குள் மூழ்க வைத்தான். வேலை நாலு சொல்லில் அடங்கும். "அமுக்குங்க" என்பான், அமுக்க வேண்டும். "பிடிங்க" என்பான், பிடிக்க வேண்டும். அவன் எட்டாம் நம்பர் ஸ்பேனரால் நிப்பிளைக் கால் சுற்று திறப்பான். லிவர் இறங்கும், ஆயிலோடு காற்றுக் குமிழும் வெளியே வரும். "மூடிட்டேன்" என்பான். பிறகுதான் "விடுங்க." நிப்பிள் திறந்திருக்கும்போது லிவரை விட்டால், வெளியேறிய காற்று அதே வழியாகத் திரும்பிவந்துவிடும்.

அந்தத் திறந்திருந்த நிமிஷத்தில்தான் அவனுடைய போன் அடித்தது.

"பிடிச்சுக்கோங்க மாமா, நிப்பிள் திறந்திருக்கு!" என்று சொல்லிவிட்டு எழுந்து சவுக்கு நிழலுக்குப் போய்விட்டான். பிறந்தநாள் கூட்டம் ஒன்று, ஆளுக்கு எவ்வளவு குறைப்பாய் என்று பேரம் பேசியது. நான் லிவரை ஹேண்டில்பாரோடு சேர்த்துப் பிடித்தபடி வெயிலில் உட்கார்ந்திருந்தேன். மூக்கு அரித்தது.

சும்மா உட்கார்ந்திருக்கும் ஆளைக் கண்டால் ஊருக்குப் பொறுக்காது. இளநீர்க் கடைக்காரர் வந்தார். "ஆயில் குறைஞ்சா மேல ஊத்துங்க, போதும். எதுக்கு மாத்தணும்?" என்றார். கசிவு இல்லையென்றால், ஆயில் குறைவதே பேட் தேய்வதால்தான். தேய்ந்த அளவுக்கு ஆயில் கீழே இறங்கி இடத்தை நிரப்புகிறது. மேலே ஊற்றிக்கொண்டே இருந்தால், தண்ணீர் குடித்த பழைய ஆயில் சூடேறும் இடத்தில் அப்படியே கிடக்கும். இதையெல்லாம் அவரிடம் விளக்கினேன். "அப்ப சரி, பேடை மாத்தாதீங்க" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார்.

மைத்துனன் திரும்பிவந்து நிப்பிளை மூடினான். அடுத்த முறை திறந்துவைத்துவிட்டு, எழுந்திருக்காமலே பேச்சை ஆரம்பித்தான். இன்னும் இரண்டு வண்டி சல்லிசாக வருகிறதாம். பேங்கில் ஜாமீன் கையெழுத்து ஒன்றுதான் பாக்கியாம். "அக்கா உங்ககிட்ட கேட்கச் சொன்னா."

ஓட முடியாதவனிடம் கடன் பேசும் சாமர்த்தியம் அவனுடைய குடும்பச் சொத்து. ஆனால் ஏ.டி.வி. செய்தவன் என் பக்கம் இருந்தான். முன் பிரேக் லிவரை வலது கைப்பக்கம் வைத்திருக்கிறான். "கையெழுத்துப் போடற கை லிவர்ல இருக்குப்பா, விட்டா ஏர் உள்ள போயிடும்" என்றேன். அதோடு அவன் நிப்பிளை மூட அவசரப்படவில்லை, நானும் அவசரப்படவில்லை. சமாதானம் ஏற்பட ஆளுக்கொரு இளநீர் செலவாயிற்று.

இரண்டு சக்கரமும் முடிந்து, டியூபில் புது ஆயில் தெளிவாக வந்த பிறகும் லிவர் பழையபடி ஹேண்டில்பாரைத் தேடிப் போயிற்று. மைத்துனன் தலையில் கை வைத்து உட்கார்ந்தான். அப்போது சவாரி இறக்கிவிட்டு வந்த ஆட்டோக்காரர் ஒருவர் குனிந்து பார்த்து, "நிப்பிள் ஏன் தரையைப் பார்க்குது?" என்றார். வண்டியை முன்பு வைத்திருந்த யாரோ இடது காலிப்பரை வலதிலும் வலதை இடதிலும் மாட்டியிருக்கிறார்கள். காற்று எப்போதும் மேலே போய் உட்காரும். நிப்பிள் கீழே இருந்தால், எத்தனை பாட்டில் ஊற்றினாலும் அது அசையாது. இடம் மாற்றி மாட்டி, ஹோஸ் முனையில் புது செப்பு வாஷர் போட்டு, மறுபடியும் "அமுக்குங்க, பிடிங்க" என்று ஆரம்பித்தோம்.

அதற்குள் முன்பக்கக் கம்பி கேரியரில் ஆயில் சிந்தியிருந்தது. பிரேக் ஆயில் பெயின்ட்டைத் தின்னும். சிந்தியவுடன் தண்ணீர் ஊற்ற வேண்டும். மைத்துனன் சாவகாசமாக பனியன் வேஸ்ட்டை எடுத்துத் துடைத்தான். அவன் ஆசையாக அடித்த சிவப்பு, துணியோடு வந்துவிட்டது.

ஆட்டோக்காரர் போகிறபோது, "லிவரை ரப்பர் போட்டு இழுத்துக் கட்டி ராத்திரி விட்டுடுங்க" என்றார். இளநீர்க்காரர் சொன்ன அதே தொனிதான். ஆனால் இது உண்மை. மிச்சமிருக்கும் பொடிக் குமிழ்கள் மெல்ல மேலேறிப் போய்விடும். காலையில் லிவர் பாதி தூரத்திலேயே கெட்டியாக நின்றது. ஊர் உபதேசத்தில் எது சரி என்று கண்டுபிடிக்க, பாஸ்கல் ஒரு விதியும் விட்டுப்போகவில்லை.

ஆயிலில் பாதி பாட்டில் மிச்சம். திறந்த பாட்டில் ஈரம் குடிக்கும், அடுத்த வருஷத்துக்கு வைக்கக் கூடாது. என் மாமியார் அதை வாங்கி இறுக்க மூடி, சமையலறைப் பரணில் ஏற்றிவிட்டார். "காசு போட்டு வாங்கினது." அதற்குமேல் விஞ்ஞானம் பேச அந்த வீட்டில் எனக்கு அதிகாரம் இல்லை.

வண்டி வைத்திருப்பவர்களுக்கு: இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, சீல் உடைக்காத பாட்டிலாக வாங்கி ஆயிலை மாற்றுங்கள். வாடகைக்கு ஓட்டப் போகிறவர்களுக்கு: டிக்கெட் எடுக்குமுன் லிவரை ஒருமுறை அமுக்கிப் பாருங்கள். பாதியில் கெட்டியாக நின்றால் ஏறுங்கள். ஹேண்டில்பாரைத் தொட்டால், அது என் மைத்துனன் கடையாகவே இருந்தாலும், அந்தக் காசுக்கு குடும்பத்தோடு சுண்டல் வாங்கிச் சாப்பிடுங்கள்.