சீமை வீட்டுக்காரர்

மாம்பலத்துப் பூங்காவின் சிமெண்டு பெஞ்சில் மாலை வேளையில் வந்தமர்ந்து, யாராவது ஒருவர் தண்ணீர் லாரி, லிஃப்ட் பழுது, வாடகை பாக்கி என்று ஏதேனும் ஒன்றைப் பிரஸ்தாபிக்கும் வரையில் யோகியைப்போல் மௌனமாயிருந்து, அந்தப் பேச்சு எழுந்த க்ஷணமே, "நம்ம குராய்டன் ஃபிளாட்டிலே பாரும்..." என்று தொண்டையைக் கனைத்துக்கொள்ளும் பெரியவரை நீங்கள் சந்தித்திருக்கக்கூடும். சந்தித்திராவிட்டால், அது உங்கள் பூர்வ புண்ணியம்.

லண்டன் மாநகரின் தென்பகுதியிலுள்ள குராய்டனில் இரண்டு படுக்கையறை ஃபிளாட் ஒன்றை 2025ஆம் வருஷம் கிரயம் வாங்கியதைத் தவிர அவர் வேறு குற்றம் எதுவும் செய்தவரல்லர். பேத்தி ஒரு நாள் லண்டனில் படிப்பாளாம். பேத்திக்கு இப்போது வயது 4. "என்ன விலை?" என்று கேட்டால், "நாலு லட்சம் பவுன்தான், ஸார்" என்று கத்தரிக்காய் விலை சொல்வதுபோல் சொல்லுவார். "மேல் செலவு?" என்றால், மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேஷ்டி நுனியால் வெகு சிரத்தையாகத் துடைக்க ஆரம்பித்துவிடுவார்.

அந்த மேல் செலவின் விருத்தாந்தம் எனக்குத் தெரியவந்ததே தற்செயலாகத்தான். கூட்டல் சரியா என்று பார்த்துத் தரும்படி ஒரு நாள் தம்முடைய டயரியை என்னிடம் நீட்டினார். பக்கத்தின் தலையில் பிள்ளையார் சுழி; அதன் கீழே, 'இதரம்'; அதற்கும் கீழே முதல் வரியாக, 'முத்திரைத் தீர்வை: 38,000 பவுன்'. நான் திடுக்கிட்டுப் போனேன். வேறு வீடு வாசல் இல்லாத இங்கிலாந்துவாசி ஒருவன் அதே விலைக்கு வாங்கியிருந்தால் 10,000 பவுனோடு முடிந்திருக்கும். இவருக்கோ வேறு வீடு உடையவர் என்பதற்காக 100க்கு 5ம், அந்நாட்டில் வசியாதவர் என்பதற்காக 100க்கு 2ம், முழு விலையின்மீதும் மேற்கொண்டு விழுந்திருக்கிறது. வேறு வீடு உலகத்தின் எந்த மூலையில் இருந்தாலும் கணக்கில் சேருமாம். பழைய எண்ணா, புதிய எண்ணா என்று தபால்காரரே இன்னும் தடுமாறிக்கொண்டிருக்கும் மாம்பலத்து வீட்டை, ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பாலிருக்கும் ஒரு துரைத்தனம் இத்தனை கரிசனத்தோடு கணக்கில் எடுத்துக்கொண்டதில் அவருக்கு உள்ளூர ஒரு பெருமிதங்கூட இருந்தது.

இதே மனிதர், சில மாதங்களுக்கு முன்பு அடுத்த தெருவில் ஒரு பழைய வீட்டைக் கிரயம் பண்ணி, முத்திரைக்கும் பதிவுக்குமாக 100க்கு 9 கட்டிவிட்டு வந்த அன்றைக்கு, "பகற்கொள்ளை, ஓய்!" என்று இதே பெஞ்சை அறைந்தவர். குராய்டனில் அவர் கொடுத்தது, நான் கூட்டிப் பார்த்தவரையில், 100க்கு ஒன்பதரை. அதைச் சுட்டிக்காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்து, "அது வரியில்லை, ஸார். அது சிஸ்டம்" என்றார்.

பணம் போய்ச் சேர்ந்த கதை தனி. ஒரு நபர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலருக்குமேல் அனுப்ப ரிசர்வ் வங்கி அனுமதிப்பதில்லையாதலால், சிலிண்டர்காரனுடைய நோட்டில் தவிர வேறெங்கும் கையெழுத்திட்டறியாத அவருடைய தர்மபத்தினியும் வங்கிக்கு அழைத்துச் செல்லப்பட்டு, மார்ச்சு மாதத்தில் இருவர் பெயராலும் பெருந்தொகை போய், மிச்சம் ஏப்ரல் பிறந்தபின் போயிற்று. மார்ச்சில் போனதில் ஆளுக்கு 7 லட்சம் ரூபாய்க்கும், ஏப்ரலில் போனதில் 10 லட்சம் ரூபாய்க்கும் மேற்பட்ட தொகைக்கு 100க்கு 20 வீதம் வங்கியார் வரியாகப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். வருமான வரியில் அதைக் கழித்துக்கொள்ளலாம் என்று ஆடிட்டர் சமாதானம் சொன்னார். அந்தச் சமாதானத்துக்கான கட்டணமும் டயரியில் இருக்கிறது.

அதெல்லாம் போகட்டும். அந்த ஃபிளாட் அவருக்குச் சாசுவதமாகச் சொந்தமா என்றால், அதுவும் இல்லை. மனை இன்னொருவருடையது, இவருடையது 125 வருஷக் குத்தகை. கும்பகோணத்துப் பக்கம் நிலங்களைக் குத்தகைக்கு விட்டிருந்த அவருடைய பாட்டனார், குத்தகைக்காரன் எவனாவது பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு தன்னை நிலச்சுவான்தார் என்று சொல்லிக்கொள்வதைக் கேட்டிருந்தால் என்ன செய்திருப்பாரோ! நடைபாதை விளக்குக்கும் லிஃப்டுக்கும் பூச்செடிக்கும் வருஷாவருஷம் பராமரிப்புக் கட்டணம் வேறு. இங்கே சங்கக் கூட்டத்தில் மாதம் 300 ரூபாய் உயர்வுக்கு வெளிநடப்புச் செய்த மகானுபாவர், அங்கே ஆட்சேபணைக் குறிப்பு ஒன்றுகூட எழுதாமல் கட்டுகிறார். எரிவாயுச் சாதனங்களுக்கு வருஷந்தோறும் அத்தாட்சிப் பத்திரம் வாங்குகிறார். வாடகையில் 100க்கு 20ஐ ஏஜெண்டு அங்கேயே வரிக்கென்று பிடித்துக்கொள்ள, எஞ்சியதையும் பிடித்ததையும் சேர்த்து இங்கேயும் கணக்குக் காட்டுகிறார்.

போன கோடையில் சொத்தைப் பார்த்துவருவதற்கென்றே விமானமேறிப் போனார். குடியிருப்பவருக்கு 24 மணி நேரத்துக்கு முன்பே எழுத்துமூலம் அறிவிப்புக் கொடுக்காமல் வீட்டுக்காரர் உள்ளே நுழைவது அந்நாட்டு முறையன்று. அதை யாரும் இவருக்குச் சொல்லவில்லை. எதிர்ப்பக்கத்து நடைபாதையில், தூறலில், குடை பிடித்துக்கொண்டு நின்று எடுத்த படத்தைத்தான் இப்போது பெஞ்சில் எல்லோருக்கும் காட்டுகிறார். அதில் செங்கல் சுவரும், மூன்றாவது மாடியில் திரை போட்ட ஒரு ஜன்னலும் தெரிகின்றன.