கனடாக்காரரும் கருப்பட்டியும்

அன்புள்ள ஆச்சிக்கு,

இதைப் படித்துக்காட்டும் தம்பி நடுவில் சிரித்தால் தலையில் ஒரு குட்டு வை.

நான் வேலை பார்க்கும் மணி சேஞ்சர் கடை பினாங்கில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில்தான். நம் தமிழ்க் கரையிலிருந்து வந்த காதர் மொகிதீன் 1801-இல் எழுப்பிய பள்ளிவாசல் ஒரு பக்கம், ஊதுபத்திப் புகை ஓயாத குவான் யின் கோயில் ஒரு பக்கம், அடுத்த தெருவில் மாரியம்மன்.

போன வாரம் முதலாளியின் மருமகன் கனடாவிலிருந்து வந்தார். அங்கே மேப்பிள் என்று ஒரு மரமாம். இரவில் உறைபனி, பகலில் வெயில் என்றிருக்கும் நாளில் தண்டைத் துளைத்து வாளி தொங்கவிட்டால் நீர் சொட்டுமாம். இனிப்பு நூற்றுக்கு இரண்டு பங்குதான். 40 லிட்டரைக் கொல்லையில் காய்ச்சினால் 1 லிட்டர் பாகு. இதைப் பொழுதுபோக்காகச் செய்கிறார்களாம், ஆச்சி, லீவு போட்டு! தாத்தா காலையும் மாலையும் பனை ஏறியதையும், பதநீர் காய்ச்சும் விடிலிக்குள் நீ புகையில் கண் எரிய நின்றதையும் பொழுதுபோக்கு என்று எவனாவது சொல்லியிருந்தால், தாத்தா பாளை அரிவாளோடு இறங்கியிருப்பார்.

எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. இங்கே கழிமுகச் சேற்றில் நீப்பா என்றொரு பனை. தண்டு மண்ணுக்குள் படுத்துக்கிடக்கும். ஓலையும் குலையும்தான் வெளியே. ஏறவே வேண்டாம், நின்றபடி சீவலாம். தாத்தாவிடம் சொல்லிவிடாதே, மனசு விட்டுப்போகும். குலைக்காம்பைப் பல நாள் தட்டி, வளைத்து, காலால் உதைத்துப் பழக்கித்தான் சீவுவார்கள். அதில் வடியும் நீரா பாலிக் புலாவ் பக்கம் பாட்டிலில் கிடைக்கும். மேப்பிள் நீர் இதன் இனிப்புக்குப் பக்கத்தில் நிற்காது.

வெயிலில் வைத்தால் நீரா கள்ளாகிவிடும். பள்ளிவாசல் சாலையில் கள்ளோடு பிடிபட்டால் மாரியம்மனே வந்தாலும் ஜாமீன் கிடைக்காது. அதனால் ஞாயிற்றுக்கிழமை ஐஸ் பெட்டியில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்து, அறையில் கேஸ் அடுப்பை மூட்டினேன். பாகு மணந்ததும் கூட இருக்கும் பையன்கள் கரண்டியோடு வரிசையில் நின்றார்கள். ராமநாதபுரத்துப் பையன் மட்டும், "எங்க ஊர்ப் பதநீர்னா இந்நேரம் பதம் வந்திருக்கும்" என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தான். கடைசிச் சொட்டு வரை நக்கியதும் அவன்தான். மலாய்க்காரர்கள் வெல்லத்தை மூங்கில் குழாயில் ஊற்றி உறையவைப்பார்கள். நான் உன் பேரன், சிரட்டையில்தான் ஊற்றினேன்.

கனடாக்காரருக்கும் ஒரு வில்லை கொடுத்து, நம் உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்த கதையையும் எடுத்துவிட்டேன். மனிதர் விடவில்லை, ஒரு குப்பி மேப்பிள் பாகை நீட்டி, "இதையும் ஊருக்கு அனுப்புங்க, பெரியவங்க சொல்லட்டும்" என்றார். இத்துடன் வருகிறது. சுக்குக் காப்பியில் ஊற்றிக் குடித்துப் பார். கருப்பட்டிதான் ஜெயித்தது என்றால் தம்பியைக் கொட்டை எழுத்தில் எழுதச் சொல். அவரிடம் காட்ட வேண்டும். மேப்பிள் என்றால் நீ பதிலே போடாதே, தபால் தொலைந்துவிட்டது என்று நான் சொல்லிக்கொள்கிறேன்.

அன்புடன்,
உன் பேரன்